பழைய கன்சோலுக்கு எவ்வளவு கணினி வேண்டும்?

எமுலேட்டருக்காகக் கணினி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். சூப்பர் நின்டெண்டோ 1990இல் வந்த கருவி. அதன் பிராசசர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. வீட்டில் இருக்கும் லேப்டாப் 3 கிகாஹெர்ட்ஸ். எண்ணூறு மடங்குக்கும் மேலே இருக்கிறது, பிறகென்ன கவலை? இன்னொரு சாரார் இதற்கு நேர் எதிராகப் போகிறார்கள். கேம் என்றாலே கிராபிக்ஸ் கார்டு என்று முடிவுகட்டி, கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியை அதிலேயே கொட்டிவிட்டு, 1994இல் வந்த சேகா சாட்டர்ன் கேம் திக்கித் திணறுவதைப் பார்த்துக் குழம்பிப்போகிறார்கள். இரண்டு கணக்கும் தப்பு. கன்சோல் எவ்வளவு பழையது என்பதும் அதன் பிராசசர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பதும் உங்கள் கணினி படப்போகும் பாட்டைச் சொல்லாது. அந்தக் கன்சோலுக்குள் எத்தனை சிப்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தன, அவை எவ்வளவு நெருக்கமாக ஒன்றையொன்று எதிர்பார்த்து ஓடின, அந்த நெருக்கத்தில் எவ்வளவை நீங்கள் அப்படியே திரும்பப் பெற விரும்புகிறீர்கள் என்பவைதான் சொல்லும். இது பிடிபட்டால் பணத்தை எங்கே போடுவது என்பதும் தெளிந்துவிடும். முதலில் பிராசசரின் ஒற்றைக் கோர் வேகத்தில், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எமுலேட்டர் பழைய கேமை நம் கணினிக்கேற்றபடி மாற்றி எழுதித் தருவதில்லை. பழைய கருவியாகவே அது நடிக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டு என்று கேமில் ஒரு கட்டளை இருக்கிறது என்று வையுங்கள். எமுலேட்டர் அதைக் கன்சோலின் நினைவக வரைபடத்தில் தேடி எடுக்க வேண்டும், என்ன கட்டளை என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அதைச் செய்யும் பகுதிக்குத் தாவ வேண்டும், கூட்ட வேண்டும், விடை பூஜ்யமா, எதிர்மறையா, மிஞ்சிவிட்டதா என்ற குறிகளைப் பதிய வேண்டும், கடைசியில் இதற்கு அசல் கருவியில் எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகியிருக்கும் என்று கணக்கிலும் ஏற்ற வேண்டும். கூட்டல் ஒன்றுதான். அதைச் சுற்றியுள்ள வேலை பல மடங்கு. இதில் அந்தத் தாவல் தனிச் செலவு வைக்கும். இன்றைய பிராசசர்கள் அடுத்து எங்கே தாவப்போகிறோம் என்று முன்கூட்டியே ஊகித்து ஓடுபவை. ஊகம் பொய்த்தால் பாதி செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அப்படி ஒரு தடவை பொய்த்தாலே பதினைந்து, இருபது துடிப்புகள் வீண். கேமின் கட்டளைகள் என்ன வரிசையில் வரும் என்பது எமுலேட்டருக்குத் தெரியாது என்பதால் இந்த ஊகம் பொய்ப்பது இங்கே சாதாரணம்.

இதுகூடச் சிறிய செலவுதான். பெரிய செலவு சிப்களை ஒத்திசைப்பதில் இருக்கிறது. கன்சோலில் பிராசசர், படம் வரையும் சிப், ஒலி சிப் எல்லாம் தனித்தனிப் பொருள்கள். மூன்றும் உண்மையாகவே ஒரே கணத்தில் ஓடும். நம் நிரலோ ஒரு கோரில் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒரே ஆள் நாதஸ்வரத்தைச் சற்று வாசித்து, கீழே வைத்துத் தவிலை எடுத்து, அதையும் வைத்துவிட்டுத் தாளம் போட்டு, கேட்பவர் காதில் மட்டும் முழு மேளமாக விழச் செய்ய வேண்டிய நிலை அது. எவ்வளவு சிறிய துண்டுகளாக மாற்றி மாற்றி எடுக்கிறோமோ அவ்வளவு துல்லியம். ஆனால் எடுத்து வைப்பதற்கே போகும் நேரமும் அவ்வளவு அதிகம்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுத்துக்கொள்வோம். திரையின் மேலே புள்ளி, காசு, நேரம் காட்டும் பட்டை அசையாமல் நிற்கும். கீழே உலகம் மட்டும் நகரும். நின்டெண்டோவின் அந்த எட்டு பிட் கருவியில் திரையைப் பாதியாகப் பிரித்து நகர்த்தும் வசதி கிடையாது. எனவே கேமை எழுதியவர்கள் ஒரு வழி கண்டார்கள். மேல் பட்டையில் காசுச் சின்னத்தின் அடியில் முதல் ஸ்பிரைட்டை, அதாவது பின்னணியிலிருந்து தனியாக வரையப்படும் சிறு படத்தை, ஒளித்து வைத்தார்கள். படச் சிப் திரையை வரைந்துகொண்டே வந்து அந்த ஸ்பிரைட் பின்னணியோடு மோதும் புள்ளியைத் தொட்டதும் ஒரு குறியை உயர்த்தும். பிராசசர் வேறு வேலை எதுவும் செய்யாமல் அந்தக் குறி எப்போது உயரும் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே நிற்கும். உயர்ந்த கணமே நகர்வு எண்ணை மாற்றும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நகரத் தொடங்கும். எமுலேட்டர் சோம்பேறித்தனமாக, முதலில் பிராசசரின் ஒரு ஃபிரேம் வேலையை முடித்துவிட்டுப் பிறகு மொத்தப் படத்தையும் வரையலாம் என்று எண்ணினால், குறி உயரவே உயராது, கேம் அங்கேயே நின்றுவிடும். வரிக்கு ஒரு முறை ஒத்திசைத்தால் இந்தக் கேம் தப்பிக்கும். ஆனால் ஒரே வரியின் நடுவில் வேலை காட்டும் கேம்கள் தப்பிக்காது. முழுத் துல்லியம் வேண்டுமென்றால் புள்ளிக்குப் புள்ளி ஒத்திசைக்க வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு 262 வரி, வரிக்கு 341 புள்ளி நேரம், நொடிக்கு அறுபது ஃபிரேம். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 53.6 லட்சம் புள்ளிகள்.

இப்போது நம் 3 கிகாஹெர்ட்ஸை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு கோருக்கு நொடிக்கு 300 கோடி துடிப்பு. அதை நின்டெண்டோவின் புள்ளிகளுக்குப் பங்கிட்டால் புள்ளிக்கு ஏறத்தாழ 560 துடிப்பு கிடைக்கிறது. தாராளம். சூப்பர் நின்டெண்டோவின் தலைமைக் கடிகாரம் 21.477 மெகாஹெர்ட்ஸ். அங்கே பங்கு 140ஆகக் குறைகிறது. முதல் பிளேஸ்டேஷனின் பிராசசர் 33.87 மெகாஹெர்ட்ஸ், பங்கு 89. நின்டெண்டோ 64 வந்தால் 32. பிளேஸ்டேஷன் 2இன் முதன்மைப் பிராசசர் 294.9 மெகாஹெர்ட்ஸ், அதன் ஒரு துடிப்புக்கு நம்மிடம் இருப்பது பத்தே துடிப்பு. கேம்கியூபுக்கு ஆறு. பிளேஸ்டேஷன் 3 நம் கணினியை விட வேகமான 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடியது, ஆகவே ஒன்றுகூட இல்லை. நம் பிராசசர் ஒரே துடிப்பில் மூன்று, நான்கு கட்டளைகளை முடிக்கக்கூடியது என்பதால் நிலைமை இந்த எண்கள் காட்டும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் மேலே சொன்ன ஊகப் பிழை ஒன்றுக்கே பதினைந்து துடிப்பு போகிறது என்பதை நினைத்தால், பிளேஸ்டேஷன் 2இல் புள்ளிக்குப் புள்ளி ஒத்திசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது தெரியும். அதனால்தான் பழைய கன்சோலுக்கான எமுலேட்டர்கள் துல்லியத்தைத் தேடுகின்றன, புதிய கன்சோலுக்கானவை சாமர்த்தியமான சமரசங்களைத் தேடுகின்றன. 1990இன் கருவியும் 2001இன் கருவியும் சில சமயம் ஒரே அளவு பிராசசரைக் கேட்பதற்கும் காரணம் இதுவே.

சமரசத்துக்கும் துல்லியத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்குச் சூப்பர் நின்டெண்டோவை விட நல்ல சான்று கிடையாது. 1990களின் பிற்பகுதியில் வந்த ஸெட்ஸ்நெஸ் எமுலேட்டர் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் கணினியிலேயே முழு வேகத்தில் ஓடியது. பின்னாளில் பையூ என்ற புனைபெயரில் இயங்கியவர் எழுதிய பிஎஸ்நெஸ், அதே கன்சோலுக்கு 3 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்டது. பத்து மடங்கு. இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். பத்தில் ஒரு பங்கு செலவில் கேம் ஓடுகிறது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது, பிறகு எதற்கு இந்த ஆடம்பரம்? கேள்வியின் முதல் பாதி உண்மை. புகழ்பெற்ற கேம்களை மட்டும் ஆடுபவருக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம். ஆனால் அந்தக் கேம்கள் நன்றாக ஓடியதற்கு ஒரு காரணம், அவற்றுக்கென்றே எமுலேட்டருக்குள் தனித்தனி ஒட்டுவேலைகள் செருகப்பட்டிருந்ததுதான். ஒட்டுவேலை கிடைக்காத கேம்களின் கதி வேறு. ஏர் ஸ்ட்ரைக் பெட்ரோல் என்ற கேமில் நம் விமானத்தின் நிழல் தரையில் விழும். ஒரு வரி வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் அமைப்பை மாற்றி அந்த நிழலை வரைந்திருந்தார்கள். வரிக்கு ஒரு முறை மட்டும் ஒத்திசைக்கும் எமுலேட்டர்களில் நிழல் மாயமாகிவிடும். கேம் ஓடும், ஆனால் அது முழுக் கேம் அல்ல. இன்னொரு கேடும் உண்டு. ரசிகர்கள் செய்த பல மொழிபெயர்ப்புகள் அந்தப் பழைய எமுலேட்டரில் மட்டும் சோதிக்கப்பட்டு, அசல் கன்சோலில் போட்டால் ஓடாமல் நின்றன. எமுலேட்டரின் பிழையே அளவுகோலாகிவிட்டால் வரும் வினை இது. கன்சோல்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கேம்கள் எப்படி இருந்தன என்பதற்கு எமுலேட்டர்களே சாட்சி. அந்தச் சாட்சி சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சில கிகாஹெர்ட்ஸைச் செலவழிப்பது வீண் என்று சொல்லவே முடியாது. இன்றைய கணினிகளில் அந்தச் செலவு பெரிதும் அல்ல, ஆகவே சூப்பர் நின்டெண்டோ வரைக்கும் துல்லியமான எமுலேட்டரையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

சேகா சாட்டர்னுக்கு வருவோம். வாங்குபவர்களை அதிகம் ஏமாற்றும் கன்சோல் இதுதான். அதன் ஒவ்வொரு பிராசசரும் 28.6 மெகாஹெர்ட்ஸ், காகிதத்தில் பிளேஸ்டேஷனை விடக் குறைவு. ஆனால் உள்ளே இரண்டு எஸ்எச்-2 பிராசசர்கள், சிடியைக் கவனிக்க எஸ்எச்-1, ஒலிக்கென மோட்டோரோலா 68000 குடும்பத்துச் சிப் ஒன்று, அதனுடன் தனி ஒலிச் சிப், படத்துக்கு விடிபி1, விடிபி2 என இரண்டு, போதாததற்குக் கணக்குப் போட ஒரு டிஎஸ்பி. இரண்டு எஸ்எச்-2உம் ஒரே பாதையில் நினைவகத்தை அணுகுவதால், ஒன்று போகும்போது மற்றது காத்திருக்கும். அந்தக் காத்திருப்பின் நீளம்கூடச் சில கேம்களில் முக்கியம். மெட்னஃபென் எமுலேட்டரை உருவாக்கியவர்கள் சாட்டர்னுக்குக் குறைந்தபட்சப் பரிந்துரையாகச் சொல்வது இன்டெல் ஹாஸ்வெல் தலைமுறையின் நான்கு கோர் பிராசசர், அடிப்படை வேகம் 3.3, டர்போவில் 3.7 கிகாஹெர்ட்ஸ். அதே காலத்தில் போட்டியாக விற்ற பிளேஸ்டேஷனுக்கோ ஒரு சாதாரண மலிவு லேப்டாப் போதும். இரண்டும் ஜப்பானில் 1994இன் கடைசியில் சில நாள் இடைவெளியில் வெளிவந்தவை. வயதை வைத்து அளப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

நின்டெண்டோ 64 வேறொரு பாடம். கட்டளை கட்டளையாகப் படித்து நடிக்கும் முறை இங்கே தாங்காது. எனவே கேமின் கட்டளைகளைக் கூட்டம் கூட்டமாக எடுத்து, நம் பிராசசரின் மொழிக்கு ஒரு தடவை மாற்றி வைத்துக்கொண்டு, மறுபடி அந்த இடம் வரும்போது மாற்றியதையே ஓட்டும் முறை வந்தது. அதோடு படச் சிப்பை அணு அணுவாக நடிக்காமல், கேம் என்ன வரையச் சொல்கிறது என்று ஊகித்து அந்த வேலையை நேராகக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்துவிடும் குறுக்குவழியும் வந்தது. 1999 ஜனவரியில் வெளியான அல்ட்ராஎச்எல்இ எமுலேட்டர் இதைச் செய்து காட்டி உலகத்தை வியக்க வைத்தது. கன்சோல் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தபோதே 3டிஎஃப்எக்ஸ் கார்டு வைத்திருந்த கணினியில் அதன் கேம்கள் ஓடின. ஆனால் ஊகம் எல்லாருக்கும் பொருந்தாது. ஃபாக்டர் 5 போன்ற நிறுவனங்கள் படச் சிப்புக்குத் தங்கள் சொந்த நிரலையே எழுதியிருந்தன. ஊகிக்கும் எமுலேட்டர்களுக்கு அந்தக் கேம்கள் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தன. 2020இல் வந்த பேரலெல் ஆர்டிபி, அந்தப் படச் சிப்பின் வேலையை உள்ளது உள்ளபடியே, ஆனால் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் வழியாகக் கிராபிக்ஸ் கார்டின் நூற்றுக்கணக்கான சிறு கோர்களில் பிரித்து ஓட்டியது. துல்லியத்துக்காகவே நல்ல கிராபிக்ஸ் கார்டு பயன்படும் அரிய இடம் இது.

பிளேஸ்டேஷன் 2இல் இன்னொரு வகைச் சிக்கல் சேர்கிறது. அதன் அமைப்பே நம் கணினிக்கு அந்நியம். தசமக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிராசசர்கள் ஐஇஇஇ 754 என்ற விதியைப் பின்பற்றுகின்றன. அதில் முடிவிலிக்கும் பொருளற்ற விடைக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. பிளேஸ்டேஷன் 2இல் அவை கிடையாது. மிகப் பெரிய எண் வந்தால் அது வெறும் மிகப் பெரிய எண்ணாகவே இருக்கும், மீதியையும் அது எப்போதும் பூஜ்யத்தை நோக்கியே வெட்டும். ஒரு பெருக்கலில் கடைசி இலக்கம் மாறுவது ஒன்றுமில்லை. அதே கணக்கு நொடிக்கு லட்சம் தடவை நடந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறினால், ஒரு பாத்திரம் தரைக்குள் இறங்கிவிடலாம், காட்சியின் ஒரு மூலையில் முக்கோணம் ஒன்று வானம் வரை நீளலாம். இதைத் தடுக்கப் பிசிஎஸ்எக்ஸ்2 கணக்குகளின் விடைகளைச் சோதித்து வரம்புக்குள் கட்டி நிறுத்துகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் துடிப்பு செலவு. இதனால்தான் இந்த எமுலேட்டர் ஒரே மூச்சில் பல எண்களைக் கையாளும் எஸ்எஸ்இ4.1 வசதியைக் கட்டாயமாகக் கேட்கிறது, ஏவிஎக்ஸ்2 இருந்தால் இன்னும் நன்றாக ஓடுகிறது. வாங்கும்போது இதைக் கவனியுங்கள். ஹாஸ்வெல் தலைமுறையின் ஐ3, ஐ5, ஐ7 பிராசசர்களில் ஏவிஎக்ஸ்2 உண்டு. அதே தலைமுறையில் பென்டியம், செலரான் என்ற பெயரில் விற்றவற்றில் கிடையாது. பெட்டியின் மேல் ஒரே தலைமுறை என்று எழுதியிருந்தாலும் எமுலேட்டருக்கு இரண்டும் வெவ்வேறு.

அப்படியானால் கோர்கள் அதிகமாக இருந்தால் என்ன? எட்டுக் கோர், பன்னிரண்டு கோர் என்று கடைக்காரர் அடுக்கும்போது மனம் சாய்வது இயல்பு. நியாயமான எதிர்வாதமும் இருக்கிறது: கன்சோலில் பல சிப்கள் இருந்தால் சிப்புக்கு ஒரு கோர் கொடுத்துவிடலாமே? சிப்கள் ஒன்றையொன்று அடிக்கடி எதிர்பார்க்காத இடத்தில் அது பலிக்கும். பிசிஎஸ்எக்ஸ்2 முதன்மைப் பிராசசரை ஒரு கோரிலும், வரைபட வேலையை இன்னொன்றிலும், விரும்பினால் வியு1 என்ற திசையன் அலகை மூன்றாவதிலும் ஓட்டும். டால்ஃபின் எமுலேட்டர் கேம்கியூபின் பிராசசரையும் படச் சிப்பையும் இரண்டாகப் பிரிக்கும். அதோடு கிட்டத்தட்ட முடிந்தது. நான்காவது, ஐந்தாவது கோருக்குக் கொடுக்க வேலை இல்லை. சாட்டர்ன் மாதிரிச் சில துடிப்புகளுக்கு ஒருமுறை பேசிக்கொள்ளும் சிப்களைத் தனித்தனிக் கோரில் வைத்தால், ஒரு கோர் சொன்னது மற்றதற்குப் போய்ச் சேரும் நேரமே வேலையை விட அதிகமாகிவிடும். விதிவிலக்கு பிளேஸ்டேஷன் 3. அதன் செல் பிராசசரில் கேமுக்கென ஆறு துணைக் கோர்கள் இருந்தன, அவை ஓரளவு தனித்து இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே அதற்கான எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3 கோர்களின் எண்ணிக்கையை உண்மையாகவே பயன்படுத்துகிறது. அந்தக் கன்சோல் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் வேகமான நான்கு கோர், மெதுவான பன்னிரண்டு கோரை விடச் சிறந்தது. வேகம் என்று சொல்லும்போது கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4உம் 3 கிகாஹெர்ட்ஸ் ஹாஸ்வெல்லும் ஒரே நொடியில் முடிக்கும் வேலை பல மடங்கு வேறுபடும். பாஸ்மார்க் போன்ற சோதனைகளில் ஒற்றைத் திரெட் மதிப்பெண் என்று தனியாக ஒன்று இருக்கும். இரண்டு கணினிகளை ஒப்பிட அதுதான் உரிய எண்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2 பெரும்பாலும் 640க்கு 448 அல்லது அதற்கும் குறைந்த அளவில் வரைந்தது. எமுலேட்டரில் மூன்று மடங்கு என்று வைத்தால் 1080பி திரைக்கு நெருக்கமாக வரும், ஆனால் வரைய வேண்டிய புள்ளிகள் ஒன்பது மடங்காகும். அந்தச் சுமை முழுவதும் கார்டின் தலையில். அசல் அளவிலேயே ஆடினால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பெரும்பாலும் போதும். அப்போது ரேமை ஒரே ஸ்டிக்காகப் போடாமல் இரண்டாகப் போடுங்கள், உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமையே நம்பியிருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முதல் பிளேஸ்டேஷனில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது முக்கோணங்களின் முனைகளை முழு எண்களாகவே வைத்தது, அதனால் சுவர்களும் தரையும் சற்றே நெளியும். அளவைக் கூட்டினால் நெளிவு போகாது, இன்னும் தெளிவாகத் தெரியும். அதைச் சரிசெய்யும் பிஜிஎக்ஸ்பி என்ற வசதி முனைகளின் பின்ன மதிப்பைப் பிராசசரில் பின்தொடர்கிறது, ஆக அதன் செலவு பிராசசருக்குத்தான், கார்டுக்கு அல்ல.

நல்ல கார்டு இருந்தும் டால்ஃபினில் ஒரு புது வெடிப்போ புது மந்திரமோ முதல் முறை திரையில் வரும்போது அரை நொடி உறைகிறது என்று பலர் கவலைப்படுவார்கள். அது வலிமைக் குறைவு அல்ல. கேம்கியூபின் படச் சிப்பில் வண்ணக் கலவை அமைப்புகளைக் கேம் நினைத்த கணத்தில் மாற்றலாம். நம் கார்டிலோ ஒவ்வொரு புது அமைப்புக்கும் ஒரு ஷேடர் நிரலைத் தொகுத்தாக வேண்டும். அந்தத் தொகுப்புக்கு ஆகும் நேரமே உறைவு. 2017இல் டால்ஃபின் குழுவினர் ஊபர்ஷேடர் என்ற தீர்வைக் கொண்டுவந்தார்கள். அந்தப் படச் சிப் முழுவதையும் ஒரே பெரிய ஷேடராக எழுதிவைத்து, தனி ஷேடர் தொகுக்கப்படும் வரை அதை ஓட்டுவது. உறைவு போய்விடும், பதிலுக்குக் கார்டு கூடுதலாக உழைக்க வேண்டும். இதற்காக ஒரு நடுத்தரக் கார்டு வாங்குவது நியாயமான செலவு.

கைப்பேசியிலேயே பிளேஸ்டேஷன் 2 ஓடுகிறதே, இவ்வளவு கணக்கு எதற்கு என்றும் கேட்பார்கள். ஓடுவது உண்மை. ஆனால் அப்படி ஓட்டும் கைப்பேசிகளின் பெரிய கோர்கள், பல பழைய லேப்டாப்களின் கோர்களை விட வேகமானவை. அதோடு அங்கே கன்சோலின் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்காட்டும் செட்டிங்குகளும் ஃபிரேம் தாண்டும் செட்டிங்குகளும் தாராளமாகப் பயன்படுத்தப்படுகின்றன. பயணத்தில் ஆட அது போதும், ஒரு கேமை முழுமையாக அனுபவிக்க அது போதாது. இன்னொரு பக்கம், எஃப்பிஜிஏ சிப்பில் கன்சோலின் சுற்றையே அமைத்துவிடும் மிஸ்டர் திட்டத்தைச் சிலர் சுட்டுவார்கள். ஒத்திசைவுச் சிக்கலுக்கு அது உண்மையான பதில், ஏனென்றால் அங்கே எல்லாச் சுற்றுகளும் நிஜமாகவே ஒரே கணத்தில் ஓடும். பிளேஸ்டேஷன், சாட்டர்ன், நின்டெண்டோ 64 வரை அதில் வந்துவிட்டன. பிளேஸ்டேஷன் 2 அந்தச் சிப்பில் அடங்காது. ஏற்கெனவே கணினி ஒன்று தேவைப்படும் வீட்டுக்கு இதையும் தனியாக வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முழு வேகம் வந்தபின்னும் சிலருக்குக் கை தாமதமாகத் தோன்றும். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் மாரியோ குதிப்பதற்கும் இடையே எமுலேட்டர், இயங்குதளம், எல்சிடி திரை எல்லாம் சேர்த்துச் சில ஃபிரேம் கூடிவிடும். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் உள்ள ரன்-அஹெட் என்ற வசதி அடுத்த ஃபிரேம்களை முன்கூட்டியே கணக்கிட்டு அந்த இடைவெளியைக் குறைக்கிறது. ஒரு ஃபிரேம் முன்னால் போக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரட்டை வேலை, இரண்டு ஃபிரேம் என்றால் மும்மடங்கு. 16.7 மில்லிநொடிக்குள் எல்லாம் முடிய வேண்டும். துல்லியமான சூப்பர் நின்டெண்டோ எமுலேட்டரில் இதையும் சேர்த்துப் போட்டால், எண்ணூறு மடங்கு வேகம் என்று தொடங்கிய கணக்கில் மிச்சம் எவ்வளவு சொற்பம் என்று புரியும்.

லேப்டாப் வாங்குபவர்கள் வெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மெல்லிய லேப்டாப்களின் பிராசசர்கள் சில நொடிகளுக்கு 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எகிறும், சூடேறியதும் பாதிக்கு இறங்கிவிடும். அலுவலக வேலைக்கு அந்தச் சில நொடி போதும். எமுலேட்டர் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓட வேண்டிய வேலை. கோடையில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிய கேம் பிறகு தடுமாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். சார்ஜரைச் செருகி, மின்சேமிப்பு முறையை அணைத்துவிட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் வருவதுண்டு. அவற்றில் ஐ5-4590 பிராசசர் உள்ள ஒன்று சிக்கினால், அதன் அடிப்படை வேகம் 3.3, டர்போ 3.7 கிகாஹெர்ட்ஸ். சாட்டர்னுக்கு மெட்னஃபென் கேட்கும் அதே அளவு. 8 ஜிபி ரேமோடு அது முதல் பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட் எல்லாவற்றையும் தாங்கும், பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் கேம்களில் பலவற்றையும் தாங்கும். எல்லாவற்றையும் அல்ல. ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், கேம்கியூபின் ரோக் ஸ்குவாட்ரன் கேம்கள் போன்றவற்றுக்கு இன்னும் புதிய தலைமுறை வேண்டும்.

கணினியைக் குறை சொல்லும் முன் எமுலேட்டர் காட்டும் சதவீதத்தைப் பாருங்கள். 100 என்று இருந்தும் கேம் மெதுவாகத் தெரிந்தால் அசல் கன்சோலிலும் அது அப்படித்தான் இருந்தது. ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் பிளேஸ்டேஷன் 2இலேயே திணறிய கேம், ஸ்டார் ஃபாக்ஸ் சூப்பர் நின்டெண்டோவில் நொடிக்கு இருபது ஃபிரேமைத் தொடுவதே அபூர்வம். சதவீதம் 100க்குக் கீழே இறங்கினால்தான் குறை உங்கள் கணினியில்.

ஆகவே கடைக்குப் போகும் முன் நீங்கள் உண்மையிலேயே ஆட விரும்பும் கேம்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் எது மிகக் கடினம் என்று எமுலேட்டரின் பொருத்தப் பட்டியலில் பாருங்கள். எமுலேட்டரையும், உங்களிடம் இருக்கும் டிஸ்கிலிருந்து நீங்களே எடுத்த நகலையும் ஒரு பென்டிரைவில் கொண்டுபோய், அந்தக் கணினியில் அந்தக் கேமை இருபது நிமிடமாவது ஓட்டச் சொல்லுங்கள். முழு வேகத்தில் கடைசி வரை ஓடினால் வாங்குங்கள். ஓடாவிட்டால், எத்தனை கோர் என்றும் எந்தக் கார்டு என்றும் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் அந்தக் கணினி உங்களுக்கு வேண்டாம்.